காட்டுக்குள் ஒருத்தி, கடைக்குள் ஒருத்தி

சங்கரன்கோவில்
9 ஜனவரி 2025

ராஜகுமாரிக்கு,

'அன்புள்ள' என்று எழுதி அடித்திருக்கிறேன், பார். வேறு தாள் எடுத்திருக்கலாம். அடித்தது உன் கண்ணில் படட்டும் என்றுதான் இதையே அனுப்புகிறேன்.

கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்ததாம். திருநெல்வேலியில் தகடு வைத்துக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது நம் கடையில், கல்லாவுக்குப் பின்னால், நைலான் கயிற்றுச் சுருள் ஒன்றின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கயிறு வாங்க வருகிற ஆள் எல்லாம் முதலில் காலைப் பார்க்கிறான், அப்புறம் என் முகத்தைப் பார்க்கிறான், "காட்டுல கரடியாக்கா?" என்று கேட்கிறான். பாசி பிடித்த பாறை என்று சொன்னால் யாருக்கும் திருப்தி இல்லை.

தொலைக்காட்சிப் போட்டி ஒப்பந்தத்தை நாம் இரண்டு பேருமே படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டோம். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு முழுதாகப் படித்தேன். அந்தக் காப்பித் தோட்டத்துக் காட்டில் கடைசிவரை எந்த ஜோடி தாக்குப்பிடிக்கிறதோ அதற்குப் பரிசு. அது நமக்குத் தெரிந்ததுதான். தெரியாதது இது: ஜோடியில் ஒருவரை டாக்டர் வெளியே அனுப்பிவிட்டாலும், மற்றவர் விரும்பினால் உள்ளே இருக்கலாம். அப்போதும் அது ஜோடிதான். டாக்டர் உன்னைப் பார்க்க வரும்போது என் கடிதம் வரும், நீ பதில் கொடுத்தனுப்பலாம். மற்ற ஜோடிகளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக் கூடாது. கடிதத்தைத் தவிர வேறு எந்த வழியிலாவது நான் உள்ளே தலையிட்டால் கடிதமும் நின்றுவிடும்.

நிகழ்ச்சிக்காரர்கள் படித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுப்பார்களாம். சாம்சன் சார், வணக்கம். படித்துக்கொள்ளுங்கள். அடிக்க வேண்டியதை நானே அடித்துவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆபத்துக்கென்று கொடுத்த விசிலை நீ ஏன் ஊதினாய்?

நான் தூங்கிக்கொண்டிருந்தேன். கண் விழித்தால் இரண்டு ஆண்கள் ஸ்ட்ரெச்சரோடு நிற்கிறார்கள். "நான் வரல, விடுங்க" என்று கத்தினேன். நீ அந்தப் பக்கம் திரும்பி நின்றாய். ரயிலில் போகும்போது நாம் பேசிவைத்தது என்ன? எந்த முடிவானாலும் இரண்டு பேரும் சேர்ந்துதான். அது ஒன்றுதான் நம்முடைய திட்டமே. நெருப்பு மூட்டுவதும் மீன் பிடிப்பதும் எல்லா ஜோடிக்கும் தெரியும். மதினியும் நாத்தனாரும் என்றதும் நேர்காணலில் அந்தப் பெண்ணுக்கு முகம் எப்படி மலர்ந்தது! நான் சர்ச்சு, நீ கோயில் என்றதும் இன்னும் மலர்ந்தது. முதல் வாரத்திலேயே ஒருத்தி முடியை ஒருத்தி பிடிப்போம் என்று நம்பித்தான் நம்மை எடுத்தார்கள். நாம் பிடிக்கவில்லை. அதற்குப் பதிலாக நீ இதைச் செய்தாய்.

இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் காலையே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றார் திருநெல்வேலி டாக்டர். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று இருந்தேன், சொல்லிவிட்டேன். அதனால் நீ செய்தது சரி என்று ஆகிவிடாது.

சரி, தனியாக இருக்கிறாய். இரண்டு பேர் வேலையை ஒருத்தி செய்யப் பார்க்காதே. பாதியை விட்டுவிடு. பெரிய விறகு வெட்டாதே, சுள்ளி போதும். கணப்பை மட்டும் அணையாமல் பார்த்துக்கொள். அந்தப் பாறைப் பள்ளத்தில் மீன் கூடை வைக்காதே. என் பங்குத் தார்ப்பாயை இரண்டாக மடித்து அடியில் விரித்துக்கொள். தரைக் குளிர்தான் ஆளைக் கொல்லும். வாய்விட்டுப் பேசு. கேமராவுக்காகச் சொல்லவில்லை. நீ பேசாமல் இருந்தால் என்ன ஆவாய் என்று எனக்குத் தெரியும். எனக்கும் உன் அண்ணனுக்கும் கல்யாணமான புதிதில் ஒரு வருஷம் என்னோடு பேசாமல் இருந்தவள்தானே நீ.

ஷீலா


காட்டிலிருந்து
14 ஜனவரி 2025

மதினிக்கு,

டாக்டர் தாளும் பேனாவும் கொடுத்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்திருக்கிறார். அவர் போவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். இன்றைக்குப் பொங்கல் என்று அவர் சொல்லித்தான் தெரியும்.

ஏன் ஊதினாய் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. "ஷட்டரை இறக்கு, மழை வருது, சிமெண்டு நனையுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். நாம் இருந்தது காடு. ஷட்டரும் இல்லை, சிமெண்டும் இல்லை, மழையும் இல்லை. அப்படிப் பேசுகிற ஆளிடம் நான் எதைக் கலந்து பேசி முடிவெடுக்க?

ஊதினேன். இன்னொரு தடவை என்றாலும் ஊதுவேன்.

நீங்கள் ஏன் அந்தப் பாறைக்குப் போனீர்கள்? அதை எழுதவில்லையே. நான் பிடித்த நண்டு சிறியது என்றீர்கள். "அப்ப நீங்களே பிடிங்க" என்றேன். விறுவிறு என்று போனீர்கள். பொழுது இறங்கிவிட்டது, வேண்டாம் என்று சொன்னேன். கேட்டீர்களா? அது மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவா? கால் வீங்கியதையும் சேலையைச் சுற்றி என்னிடமிருந்து மறைத்தீர்கள்.

கடையில் உட்கார்ந்துகொண்டு சுள்ளி போதும் என்று எழுதுவது சுலபம். இங்கே சுள்ளி எரிந்து முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் இருந்தபோது ஒருத்தி தூங்கினால் இன்னொருத்தி ஊதிவிடுவாள். இப்போது நான்தான் தூங்கவும் வேண்டும், ஊதவும் வேண்டும். பெரிய கட்டையாகத்தான் போடுகிறேன்.

கூடையை மேல் ஓடைக்கு மாற்றிவிட்டேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை. பாறை வழுக்குகிறது.

தார்ப்பாயை மடித்துப் போட்டுக்கொண்டேன். அது நன்றாக இருக்கிறது.

சாம்சன் சார் கேமராவோடு வந்தார். "உங்க மதினி உங்களைத் தனியா விட்டுட்டுப் போனதுல வருத்தமா?" என்று கேட்டார். "அவுக போகல. நான்தான் அனுப்புனேன்" என்றேன். மறுபடியும் அதையே வேறு மாதிரிக் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். அழுகை வரும் என்று காத்திருந்தார் போல. ஓடைக்குக் குளிக்கப் போகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

பேசச் சொன்னீர்கள். முதலில் ஒரு மரத்திடம் பேசினேன். அப்புறம் ஒரு மைனாவைத் திட்டினேன். அப்புறம் உங்களைத் திட்டினேன். அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தினமும் திட்டுகிறேன்.

என் காவியா பள்ளிக்கூடம் போகிறாளா? கிணற்றடிப் பிச்சிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறாரா அவள் அப்பா? பூ மார்க்கெட்டில் இப்போது நல்ல விலை இருக்கும். கொடியைக் காயப் போட்டுவிட வேண்டாம்.

நான் வெளியே வர மாட்டேன். பரிசு கிடைத்தால் என் பேரில் ஒரு துண்டு நிலம் வாங்குவேன் என்று சொன்னதற்கு ஊரே சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாரும் தொலைக்காட்சி பார்ப்பார்கள் அல்லவா? பார்க்கட்டும்.

ராஜகுமாரி


சங்கரன்கோவில்
18 ஜனவரி 2025

அன்புள்ள ராசு,

இந்தத் தடவை அடிக்கவில்லை.

நண்டு விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். அது சின்ன நண்டுதான். அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை.

உன்னிடம் சொல்ல வேண்டியது வேறு. நேற்றுத் துரைப்பாண்டி அண்ணன் கடைக்கு வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் படியிலேயே நின்றார். ஆட்டுக்குக் கயிறு வாங்க வந்த இரண்டு பேர் இருந்தார்கள். உன் புருஷனுக்கு மெதுவாகப் பேச வராது, உனக்குத்தான் தெரியுமே.

"யம்மா ஷீலா, ஊருக்குள்ள தலை காட்ட முடியல. டீக்கடையில ஒருத்தன் கேக்கான், ஒம் பொண்டாட்டி காட்டுல யார்கூட இருக்கான்னு."

"தனியாத்தான் இருக்கான்னு சொல்லுங்கண்ணே."

"அதுதான் அசிங்கங்கேன். ரெண்டு பேரா போனீங்க, ஒண்ணும் சொல்லல. இப்ப ஒத்தையில எதுக்குக் கெடக்கா? நீ எழுதுத கடுதாசியில வரச் சொல்லி எழுது."

"அவ முடிவு பண்ணட்டும்."

"அப்ப இதையும் எழுது. இந்தக் கடுதாசியப் பாத்துட்டும் வரலைன்னா, அங்கனயே இருந்துக்கிடட்டும். என் வீட்டுப் படி ஏற வேண்டாம்."

அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதிவிட்டேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்தால் உன் அண்ணன். அவர் யாரோடும் சண்டைக்குப் போக மாட்டார். அதுதான் அவரிடம் நல்லதும் கெட்டதும். "எழுதிரேன் ஷீலா. அவ வந்துட்டா எல்லாம் முடிஞ்சிரும்லா" என்றார். "என்னங்க முடியும்?" என்று கேட்டேன். சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

இன்னொன்று. நிகழ்ச்சியிலிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள். பிள்ளை அம்மாவைத் தேடி அழுகிறாள் என்று இந்தக் கடிதத்தில் எழுதச் சொன்னாள். நீ அதைப் படித்து உடைந்துபோவதைப் படம் பிடித்தால் அந்த வாரமே அதுதான் பேச்சாக இருக்குமாம். முடியாது என்றேன். சாம்சன் சார், இதையும் படித்துக்கொள்ளுங்கள்.

உண்மை என்னவென்றால், பொங்கலை ஒட்டிக் காவியாவுக்குக் காய்ச்சல் அடித்தது. இப்போது விட்டுவிட்டது. பொங்கல் லீவு முடிந்ததும் பள்ளிக்கூடம் போவாள். அழவில்லை. "அம்மாவ நண்டு கடிச்சுதான்னு கேளுங்கத்தை" என்றாள். கேட்டுவிட்டேன்.

ஏன் இதையெல்லாம் மறைக்காமல் எழுதுகிறேன் என்றால், நான் தூங்கும்போது என் முடிவை நீ எடுத்தாய். உன் முடிவை நான் எடுக்க மாட்டேன். இதைச் சொன்னால் மனம் கலங்குவாளே, இதை மறைத்தால் நிம்மதியாக இருப்பாளே என்று நான் தேர்ந்தெடுத்து எழுதினாலே அது உன் முடிவை நான் எடுத்ததுதான். எல்லாவற்றையும் உன் முன்னால் கொட்டிவிட்டேன். வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. என் ஆசை என்ன என்று கேட்டால் அது வேறு. அதை எழுத மாட்டேன்.

பெரிய கட்டை போடுவதென்றால், இரண்டு கட்டையின் முனையும் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி வை. எரிய எரிய உள்ளே தள்ளினால் போதும், வெட்ட வேண்டாம்.

ஷீலா


காட்டிலிருந்து
24 ஜனவரி 2025

மதினிக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரிக்கும்போது கேமரா பக்கத்தில் இருந்தது. முழுவதும் படித்தேன். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "நல்லா இருக்காக எல்லாரும்" என்று மட்டும் சொன்னேன். சாம்சன் சார் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

மறைக்காமல் எழுதியதற்கு, சரி. நன்றி என்று எழுத வரவில்லை. சரி.

கீழே இருக்கிறது அவருக்கு. நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அவர் எங்கே வைத்துச் சொன்னாரோ அங்கேயே வைத்து.

'காவியா அப்பாவுக்கு. நீங்கள் சொன்னதை மதினி எழுதியிருந்தார்கள். நான் வரவில்லை. உங்கள் வீட்டுப் படி என்கிறீர்கள். அந்தப் படிக்குக் கல் சுமந்தவள் நான். கொத்தனாருக்குச் சாந்து எடுத்துக் கொடுத்தவள் நான். வயிற்றில் காவியா இருந்தாள் அப்போது. அதை மறந்துவிட்டு உங்கள் படி என்று எப்படி வாய் வருகிறது? போட்டி முடிந்ததும் வருவேன். வேறு எங்கும் போக மாட்டேன். அங்கேதான் வருவேன். அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. தெரிந்துகொள்வதற்காக எழுதுகிறேன். பிச்சிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் பாய்ச்சவும்.'

இவ்வளவுதான். கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. மேலே தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த வீடுகள் இடிந்து கிடக்கின்றன. அங்கே மரவள்ளி தானாக முளைத்துக் காடாக நிற்கிறது. சுற்றிலும் பன்றி உழுது போட்டிருக்கிறது, ஆனால் மரவள்ளியை மட்டும் தொடவில்லை. எல்லாம் எனக்குத்தான். சுட்டுத் தின்கிறேன். லேசாகக் கசக்கிறது. உப்பு இல்லாததால் இருக்கும். மீன் கூடையைப் பார்க்கப் போவதையே விட்டுவிட்டேன். வேலையைப் பாதியாகக் குறை என்றீர்களே, குறைத்துவிட்டேன்.

எழுத்து கோணலாக இருந்தால் குளிர்தான். விரல் மரத்துப்போகிறது. காலையில் எழுந்தால் தலை கிறுகிறு என்று வருகிறது, கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். டாக்டர் கேட்டார், நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னால் என்னையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

நண்டு கடிக்கவில்லை என்று காவியாவிடம் சொல்லுங்கள். பிச்சிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் பாய்ச்சச் சொல்லுங்கள். அது பெரிய நண்டு. பிச்சிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர்.

ராஜகுமாரி


சங்கரன்கோவில்
27 ஜனவரி 2025

அன்புள்ள ராசு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வராது என்று சொல்லிவிட்டார்கள். வராவிட்டாலும் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை படித்துவிட்டுச் சிரித்தேன். இரண்டாவது தடவை சிரிப்பு நின்றுவிட்டது. நீ ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொல்லுகிற ஆள் இல்லை. ஒரு தடவையே முழுதாகச் சொல்ல மாட்டாய். தண்ணீர் தண்ணீர் என்று எதற்கு எழுதியிருக்கிறாய்? எழுத்து வரியை விட்டு இறங்கிப் போகிறது. குளிருக்கு எழுத்து நடுங்கும், இப்படிச் சரியாது.

என் காலுக்குத் தகடு வைத்த டாக்டருக்கே போன் போட்டேன். மரவள்ளி என்றதும், "கசக்குதா?" என்றார். ஆமாம் என்றேன். "பச்சைத் தண்ணியில ஊறப்போட்டு, கொதிக்க வச்சுத் தண்ணிய வடிச்சாங்களா, சுட்டுத் தின்னாங்களா?" சுட்டுத்தான் என்றேன். தலைசுற்றல், விரல் மரத்துப்போவது எல்லாம் சொன்னேன். மீனும் இல்லாமல் அதையே தினமும் தின்றால் விஷம் ஏறும், நடக்க முடியாமல் கால் விழுந்துவிடும், அதற்கு மேலும் ஆகலாம், உடனே ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார்.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். உன் முடிவை நான் எடுக்க மாட்டேன் என்று எழுதி அந்த மை காயவில்லை. டாக்டரிடம் சொன்னால் தூக்கிவிடுவார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியாது என்று நான் நடிக்கவும் முடியாது.

சாம்சனைக் கூப்பிட்டேன். "நீங்களும் இந்தக் கடிதத்தைப் படிச்சீங்கல்லா?" என்றேன். "மத்த ஜோடி பத்தி எதுவும் இருக்கான்னு மட்டும்தான்மா பாப்பேன்" என்றார். விஷயத்தைச் சொன்னேன். டாக்டரை அனுப்பலாம், ஆனால் அது வெளியிலிருந்து தலையிட்டதாக ஆகும், இனி கடிதம் கிடையாது, இரண்டு பக்கமும் கிடையாது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசிக்க ஒன்றும் இல்லை என்றேன்.

ஆக, நானும் ஊதிவிட்டேன்.

கோபம் வரும் உனக்கு. வரட்டும். உயிரோடு இருந்து திட்டு. மைனாவை விட்டுவிட்டு முழுநேரமும் என்னைத் திட்டு. நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. நீயும் என்னிடம் கேட்கவில்லை.

துரைப்பாண்டி அண்ணனை வரச்சொல்லி, நீ சொன்னபடியே கடைப் படியில் நிற்கவைத்துப் படித்தேன். உட்கார்ந்து படித்தால் மரியாதையாக இருக்காது என்று கல்லாவைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள். கல் சுமந்தது வந்ததும் அவர் தரையைப் பார்த்தார். பிச்சி வந்ததும், "தண்ணியெல்லாம் நான் பாய்ச்சிக்கிட்டுத்தான் இருக்கேன், அவ ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று கோபமாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். நான் டீ சொல்லியிருந்தேன். குடிக்கவில்லை.

அவருக்கு உன் தலைசுற்றலைச் சொல்லவில்லை. சொன்னால் அதையே பிடித்துக்கொள்வார்.

ஆசையை எழுத மாட்டேன் என்றிருந்தேன். இது உன் கைக்கு வராது என்பதால் எழுதுகிறேன். இரு ராசு. உடம்பு இடம் கொடுத்தால் இரு. ஒருத்தர்கூட நம்மைப் பார்த்து இனி சிரிக்கக் கூடாது.

ஷீலா


தோட்ட விடுதியிலிருந்து
17 பிப்ரவரி 2025

மதினிக்கு,

வெளியே வந்துவிட்டேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் நம்பரைப் போட்டேன். மணி அடிப்பதற்குள் கட் பண்ணிவிட்டேன். பேசினால் அழுதாலும் அழுதுவிடுவேன். எழுதினால்தான் திட்ட முடியும்.

உங்கள் கடைசிக் கடிதத்தை நேற்றுத்தான் கொடுத்தார்கள். கேமரா முன்னால் உட்காரவைத்து, பிரித்துப் படியுங்கள் என்றார்கள். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். வெளியே நின்று தட்டினார்கள். தட்டட்டும் என்று இரண்டாவது தடவையும் படித்தேன்.

அன்றைக்கு டாக்டர் ஆளோடு வந்து கிழங்கை எல்லாம் சாக்கில் அள்ளிக்கொண்டு போனார். என்னை நேராக நடக்கச் சொன்னார். நடந்தேன், கோணலாக. முகாமின் ஓரத்தில் கூடாரம் போட்டு இரண்டு நாள் படுக்கவைத்து மருந்து ஏற்றினார். யார் சொன்னது என்று கேட்டேன். உங்கள் மதினி என்றார். எனக்கு வந்த கோபத்தில் ஊசியைப் பிடுங்கப் போனேன். அப்போது அவர் சொன்னார்: "அவங்களுக்கு இனிமே உங்க கடிதம் கிடையாது. அது தெரிஞ்சுதான் போன் பண்ணாங்க." கையை எடுத்துவிட்டேன்.

தெளிந்த பிறகு, இருக்கிறீர்களா போகிறீர்களா என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன்.

அதற்குப் பிறகு உங்கள் கடிதம் இல்லை. எதுவும் இல்லை. கூடையை மறுபடியும் மேல் ஓடையில் வைத்தேன். மீன் விழுந்த நாளும் உண்டு, விழாத நாளும் உண்டு. கட்டை முனையோடு முனை வைத்தேன், நன்றாகத்தான் எரிந்தது. ஒரு காரியம் செய்யும் முன் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று யோசிப்பேன். அப்புறம் நான் என்ன சொல்வேன் என்று யோசிப்பேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் செய்வேன். இல்லாவிட்டால் உட்கார்ந்து இரண்டு பேருக்காகவும் நானே சண்டை போடுவேன். பல தடவை நீங்கள்தான் ஜெயித்தீர்கள். எரிச்சலாக இருந்தது.

கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. பருவம் தப்பிய மழை. கணப்பு அணைந்தது, மறுபடி பற்றவில்லை. இருமல் வந்தது. இருமும்போது நெஞ்சில் குத்தியது. தார்ப்பாய்க்குள் உட்கார்ந்து நம் இரண்டு பேர் பக்கத்தையும் யோசித்தேன். இரண்டு பேரும் போதும் என்றோம். யாரும் எனக்காக முடிவெடுக்கவில்லை. நானே கூப்பிட்டேன்.

இரண்டாவது இடம். எனக்குப் பிறகு ஒரே ஒரு ஜோடிதான் உள்ளே இருந்ததாம், அண்ணன் தம்பிகள். இரண்டு பேரும் முழு ஆள்களாக. நாம் ஒன்றரைப் பேர். அதனால் எனக்கு வெட்கம் இல்லை. நிலம் இல்லை, அது வருத்தம்தான். பூவிலேயே சேர்த்து வாங்குவேன்.

கடைசி நாள் மேடைக்கு நம் இரண்டு பேரையும் கூப்பிடுகிறார்கள். நீங்கள் விசிலுக்காக என்னையும், நான் போனுக்காக உங்களையும் கேள்வி கேட்க வேண்டுமாம். எழுதியே வைத்திருக்கிறார்கள். 'எங்க சண்டையை நாங்க வீட்டுல போட்டுக்கிடுவோம்' என்று சொல்லிவிட்டேன். நீங்களும் அதையே சொல்லுங்கள்.

நீங்கள் செய்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. உங்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்பது வேறு.

அண்ணன் போன் பண்ணினார். முதலில் நான் உங்கள் வீட்டுக்கு வர வேண்டுமாம், பெரியவர்கள் பேசி ஒரு முடிவு பண்ணி அப்புறம் கரிவலத்துக்கு, எங்கள் வீட்டுக்குப் போகலாமாம். மாட்டேன். யார் பேசி யாரை எங்கே அனுப்ப? சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். இறங்கி நேராக பஸ் ஏறி என் வீட்டுக்குப் போவேன். நீங்கள் வருவதென்றால் ஸ்டாண்டுக்கு வாருங்கள். எனக்காக ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். பக்கத்தில் நின்றால் போதும்.

ராஜகுமாரி


சங்கரன்கோவில்
19 பிப்ரவரி 2025

ராசு,

வருகிறேன். ஊன்றுகோலோடுதான். உன் அண்ணனும் வருகிறாராம். வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன், அது அவருக்குக் கஷ்டம் இல்லை.

மேடைக்காரர்களிடம் நீ சொன்னதையே சொன்னேன். போனை வைத்துவிட்டார்கள்.

ஷீலா


கரிவலம்வந்தநல்லூர்
9 மார்ச் 2025

மதினிக்கு,

பூ மூட்டையோடு மார்க்கெட்டுக்குப் போகிறவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடையில் கொடுத்துவிடுவார். போன் இருக்கிறது. ஆனால் உங்களிடம் எழுதிப் பழகிவிட்டது, காவியா அப்பாவும் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்கு நீங்களும் அண்ணனும் தெருவில் நிற்க, நான் படியேறினேன் அல்லவா. அவர் கதவுக்குக் குறுக்கே நின்றதையும், நான் "தள்ளுங்க" என்றதையும் பார்த்தீர்கள். தள்ளினார். நீங்கள் போன பிறகு நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வாரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. அதில் என்னை யாரும் ஜெயிக்க முடியாது, உங்களுக்குத்தான் தெரியுமே. காவியா நடுவில் நின்று, "அப்பா குழம்பு கேக்காரு, அம்மா எடுத்துக்கிடச் சொல்லுதா" என்று இரண்டு பக்கமும் சொல்லி அலுத்துப்போனாள். நான் பாட்டுக்குத் தோட்டத்துக்குப் போனேன், வந்தேன். பிச்சி நன்றாகத்தான் இருக்கிறது. நான் இருந்தபோது இருந்ததைவிட ஒரு வரிசை கூடவே நட்டிருக்கிறார். சொல்லவில்லை. நானாகத்தான் பார்த்தேன்.

அப்புறம் நிகழ்ச்சி ஒளிபரப்பானது. டீக்கடையில் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார்களாம். "நான்தான் அனுப்புனேன்" என்று நான் சொன்னதை வெட்டாமல் போட்டிருக்கிறார்கள். அவர் அங்கே இருந்து பார்த்துவிட்டு வந்தார். சாப்பிட்டுக்கொண்டே சுவரைப் பார்த்துக் கேட்டார், "மழையில அடுப்பு பத்தலைன்னா என்னத்தத் தின்ன?" என்று. முதல் பேச்சு அதுதான். "பச்ச மீனு" என்றேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

நேற்று சாம்சன் சார் போன் பண்ணினார். அடுத்த வருஷம் புருஷன் பொண்டாட்டி ஜோடிகளை மட்டும் எடுக்கிறார்களாம். என்னை எல்லாருக்கும் தெரிந்துவிட்டதால் நேர்காணலே வேண்டாமாம், நேராக வரலாமாம். "என் ஜோடி சங்கரன்கோவில்ல கயிறு விக்காக. அவுக கால் சரியானா ரெண்டு பேரும் வாரோம், இல்லன்னா இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் இவர் வாசலில் நிற்கிறார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். தொண்டையைச் செருமினார். துண்டை உதறித் தோளில் போட்டார். "புருஷன் பொண்டாட்டின்னுதானே சொன்னான்? எனக்கும் காடு தெரியும்லா. நானும் மாடு மேச்சவன்தான்" என்றார்.

மதினி, சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் சிரிக்கவில்லை. அவரை நேராகப் பார்த்துச் சொன்னேன்.

"மொதல்ல வீட்டுக்குள்ள என்கூட ஒழுங்கா இருந்து காட்டுங்க. பொறவு காட்டப் பத்திப் பேசலாம்."

அவர் நேராகப் போய், பிச்சிக்குத் தண்ணீர் பாய்ச்சக் கிணற்று மோட்டாரைப் போட்டார்.

ராஜகுமாரி